திருமண ஆண்டு ஒயின் வாங்கப் போகிறவர்களுக்கு

பிரான்சின் போர்தோ நகருக்குக் கிழக்கே உள்ள சேன்ட் எமிலியோனுக்குச் சுற்றுலா செல்பவர்கள், பிறந்த ஆண்டு, திருமண ஆண்டு ஒயின் (அந்த ஆண்டில் அறுவடையான திராட்சையில் செய்தது) கிடைக்கும் என்று பலகை வைத்திருக்கும் கடைகளில் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டுகிறேன். அப்படி ஒரு கடையில் நானும் என் மனைவியும் 2 புட்டிகளுக்கு 360 யூரோ கொடுத்து ஏமாந்தோம். புகார் இன்னும் முடியாததால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

எங்கள் திருமணம் 1991-இல் நடந்தது. கடைக்காரர் முதலில் கேட்டதே அதைத்தான். பதிலைக் கேட்டதும் உள்ளே சென்றவர், கண்ணாடிக் குடுவை ஒன்றை எடுத்து வந்து, 1991-ஆம் ஆண்டு ஒயினை மண்டி நீக்கி அன்று காலையிலேயே வடித்து வைத்ததாகச் சொல்லி, ஆளுக்கு இரண்டு வாய் ஊற்றிக் கொடுத்தார். அவர் சொன்ன முறையில் பிழையில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல ஒயினில் உள்ள துவர்ப்புப் பொருள்களும் நிறமிகளும் ஒன்றோடொன்று பிணைந்து அடியில் படிகின்றன. எனவே புட்டியை ஒரு நாள் நிமிர்த்தி வைத்திருந்து, தெளிந்ததை மட்டும் மெல்ல வடிப்பார்கள். ஆனால் அந்தக் குடுவைக்குரிய காலிப் புட்டியை அவர் காட்டவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சுவைத்தது நன்றாகத்தான் இருந்தது. கோப்பையின் விளிம்பில் ஊதா கலந்த சிவப்பு. நாவில் நாவற்பழத்தை நினைவூட்டும் பழச்சுவை. ஈறுகளை இறுகப் பிடிக்கும் துவர்ப்பு. முப்பது ஆண்டு கடந்த போர்தோ சிவப்பு ஒயின் இப்படி இருக்காது என்பதைப் பிறகுதான், ஒயின் வணிகத்தில் பல ஆண்டு இருந்த நண்பர் ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டோம். அத்தனை பழைய ஒயின் உள்ள கோப்பையை வெள்ளைத் தாளின் மேல் சாய்த்துப் பிடித்தால் விளிம்பு செங்கல் நிறமாகத் தெரியும். பழத்தின் வாசம் பின்வாங்கி, பதப்படுத்திய தோல், புகையிலை, மழையில் நனைந்த சருகு, காளான் ஆகியவற்றின் மணம் முன்னே வரும். துவர்ப்பு தணிந்து வழவழப்பாக இறங்கும். எங்களுக்கு ஊற்றியது அநேகமாகப் பத்து வயதுகூட ஆகாத ஒயின் என்பது அவருடைய கணிப்பு.

வாங்கிய புட்டிகளை மெல்லிய தாளில் சுற்றி, மரப்பெட்டியில் வைத்து, மூடியை ஆணியடித்தே கொடுத்தார்கள். அந்த அக்கறையின் காரணம் திருமண நாளன்று பெட்டியைத் திறந்தபோது விளங்கியது. ஒயின் மட்டம் புட்டியின் தோளில், அதாவது கழுத்துக்குக் கீழே அகலும் பகுதியில், பாதிக்கு இறங்கியிருந்தது. இவ்வளவு ஆண்டுகளில் மட்டம் கழுத்தின் அடிவரையோ தோளின் மேல்விளிம்பு வரையோ குறைவது இயல்பு. அதற்குக் கீழே போனால் தக்கை தளர்ந்து காற்று புகுந்திருக்கலாம் என்று பொருள். திருகியைச் செலுத்தியதும் தக்கை ஊறிப்போன ரொட்டியைப் போல் உதிர்ந்தது. ஊற்றியது ஆறிய தேநீரின் நிறத்தில் இருந்தது. காடி நெடி அறையெங்கும் பரவியது.

ஆண்டைப் பற்றியும் நாங்கள் விசாரித்திருக்க வேண்டும். 1991 ஏப்ரலில் விழுந்த கடும் உறைபனியில் போர்தோ வட்டாரத்துத் துளிர்கள் கருகின. முன்னதாகவே துளிர்க்கும் மெர்லோ வகைத் திராட்சைக் கொடிகளை நம்பியிருக்கும் சேன்ட் எமிலியோன், பொமெரோல் பகுதிகளுக்குப் பெரும் இழப்பு. பொமெரோலின் புகழ்பெற்ற ஒயின் தோட்டமான பெத்ரூஸ் அவ்வாண்டு ஒயினே வெளியிடவில்லை. 1990 மிகச் சிறந்த ஆண்டு. நாங்கள் ஓராண்டு முன்னதாக மணம் முடித்திருக்கலாம் என்று மனைவி இப்போதும் சொல்லிக்காட்டுகிறாள். முகப்புச்சீட்டில் இருந்த 'கிராண் க்ரூ' என்ற சொல்லையும் உயர்தரத்தின் அடையாளமாக எண்ணிவிட்டோம். சேன்ட் எமிலியோனில் அது சற்றுக் கடுமையான உற்பத்தி விதிகளைக் குறிக்கும் பெயர் மட்டுமே. 1955-இல் தொடங்கிய தரவரிசையில் இடம்பெற்ற தோட்டங்கள் 'கிராண் க்ரூ கிளாஸே' என்று எழுதிக்கொள்ளும்.

தொலைபேசியில் கேட்டபோது, பழைய ஒயின் என்றால் அந்த அபாயம் வாங்குபவருடையதுதான் என்றார் கடைக்காரர். நேர்மையான வணிகரும் இதையே சொல்வார். ஆனால் மட்டத்தைக் கண்ணெதிரே காட்டி, புட்டி இதுவரை எங்கே கிடந்தது என்பதையும் தெரிவித்த பிறகு சொல்வார். இணையத்தில் வாங்குவோருக்கு உள்ள 14 நாள் திருப்பியளிக்கும் உரிமை, கடைக்கு நேரில் சென்று வாங்கியவர்களுக்குப் பொருந்தாது. ஆகவே ரசீது, உதிர்ந்த தக்கை, மட்டம் தெரியும் புகைப்படங்கள் ஆகியவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பிரெஞ்சு அரசின் நுகர்வோர் புகார்த் தளத்தில் பதிவு செய்தோம். ஒரு வாரத்தில் கடையிலிருந்து அழைப்பு வந்தது: இரண்டுக்கும் பதிலாக 2018-ஆம் ஆண்டுப் புட்டி ஒன்று தருகிறார்களாம். மறுத்துவிட்டோம். திறக்காத இரண்டாம் புட்டி, அதே பாதித்தோள் மட்டத்துடன், சாட்சியாக எங்கள் அலமாரியில் இருக்கிறது.