மேல்கை டிஜிட்டல் பிபி கருவி: முதல்நிலை சிகிச்சையில் நீண்ட காலப் பயன்பாடு

நர்ஸ் பிராக்டிஷனர்களே (மேற்பயிற்சி பெற்ற செவிலியர்கள்) மருந்து தொடங்கி அளவைக் கூட்டிக் குறைக்கும் கிளினிக்குகளில், தானியங்கி மேல்கை பிபி கருவியைப் பல ஆண்டுகள் பயன்படுத்தியதில் உறுதியாகத் தெரிவது இது: கருவியைவிடக் கஃப் (கையில் சுற்றும் காற்றுப்பட்டை) முக்கியம். பிபி கருவிகளின் துல்லியத்துக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 81060-2இன்படி சோதிக்கப்பட்ட மாடலா என்று பாருங்கள். ப்ளூடூத்துக்கும் பெரிய திரைக்கும் கொடுக்கும் பணத்தில் கூடுதல் அளவுகளில் கஃப் வாங்குங்கள்.

கஃபுக்குள் உள்ள காற்றுப்பையின் நீளம் கைச் சுற்றளவில் 75 முதல் 100 சதவீதமும், அகலம் 37 முதல் 50 சதவீதமும் இருக்க வேண்டும். கருவியோடு வந்த ஒரே கஃபை எல்லோருக்கும் சுற்றுவதுதான் பெரிய கேடு. மிகப் பெரிய கஃப் தேவைப்படுவோருக்கு வழக்கமான கஃபைக் கட்டினால் சிஸ்டாலிக் (பிபியின் மேல் எண்) சராசரியாக 19.5 மி.மீ. பாதரசம் கூடுதலாகக் காட்டுகிறது என்று 2023இல் வெளியான ஆய்வு சொல்கிறது. தேவையே இல்லாமல் இன்னொரு மாத்திரை சேர்க்க இது போதும். முதல் வருகையிலேயே தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் நாடாவால் அளந்து, பொருந்தும் கஃப் அளவை நோயாளியின் கோப்பில் குறித்துவிடுங்கள்.

அடுத்தது கை. மேசைமேல், இதய மட்டத்தில் இருக்க வேண்டும். மடியில் வைத்தால் சிஸ்டாலிக் ஏறத்தாழ 4, தொங்கவிட்டால் 6.5 மி.மீ. கூடும் (2024 ஆய்வு). முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். நெரிசலான நாளில் முதலில் பறிபோவது இந்த 5 நிமிடம்தான்; அதை விட்டுக்கொடுக்காதீர்கள். சட்டைக் கையின் மேல் கட்டக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுங்கள். முதல் வருகையில் இரு கைகளிலும் பார்த்து, பிபி கூடுதலாக உள்ள கையையே பிறகும் பயன்படுத்துங்கள்.

பட்டனை அழுத்துமுன் நாடியைத் தொட்டுப் பார்ப்பதை எந்தக் கருவியும் ஈடுசெய்யாது. கருவி கஃபில் ஏற்படும் அதிர்வுகளிலிருந்து கணக்கிட்டே எண்களைத் தருகிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதய மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் கோளாறு) போலத் துடிப்பு ஒழுங்கற்றிருந்தால் அந்தக் கணக்கு தடுமாறும். அப்போது ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கையால் அளப்பதே சரி.

தேய்மானம் பெரும்பாலும் கஃபில்தான். வெல்க்ரோ பிடி தளரும், குழாய் இணைப்பில் காற்று கசியும். காற்றேற்றம் இழுத்தடித்தாலோ பிழைக்குறி அடிக்கடி வந்தாலோ முதலில் கஃபை மாற்றிப் பாருங்கள். ஆண்டுக்கொருமுறை அளவீட்டுச் சரிபார்ப்புக்கு அனுப்புவது நல்லது.

கிளினிக்கில் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடனே உயர் ரத்த அழுத்தம் என்று முத்திரை குத்தாமல், நாள் முழுதும் அணியும் ஆம்புலேட்டரி கருவியால், அது ஒத்துவராவிட்டால் வீட்டு அளவீட்டால் உறுதிசெய்யச் சொல்கிறது பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பான நைஸ். வீட்டு அளவீடு என்றால்: காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை, குறைந்தது 4 நாள், முடிந்தால் 7 நாள். முதல் நாளை நீக்கி மீதிக்குச் சராசரி எடுத்தால் 135/85தான் எல்லை. 80 வயதைத் தொட்டவர்கள், டைப் 2 சர்க்கரை நோயாளிகள், எழுந்தால் தலைசுற்றுகிறது என்பவர்கள் ஆகியோருக்கு நிற்கவைத்தும் அளக்க வேண்டும். நிற்கும்போது சிஸ்டாலிக் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், மருந்தளவைக் கூட்டுமுன் மருந்துப் பட்டியலை மறுபடி பாருங்கள்.