'எல்லா ஏ-சீரிஸுக்கும் பொருந்தும்' என்று விற்ற வாட்டர் பம்ப்

மோரிஸ் மைனர், பழைய மினி, ஆஸ்டின் 1100 வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தப் பழைய பிரிட்டிஷ் கார்களில் ஓடுவது ஏ-சீரிஸ் என்ற ஒரே எஞ்சின் குடும்பம். "எல்லா ஏ-சீரிஸ் எஞ்சினுக்கும் பொருந்தும், புத்தம் புதியது" என்ற விளம்பரத்தோடு ஒரு வாட்டர் பம்ப் (எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரைச் சுற்றவைப்பது) இணையத்தில் விற்பனைக்கு இருக்கிறது. 380 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்து நானும் ஒன்று வாங்கினேன். அது புதியதும் இல்லை, என் எஞ்சினுக்கு உரியதும் இல்லை. அதை மாட்டிய ஐந்தாம் நாள், ஏழு மாதமாகப் பிரித்துக் கட்டிய எஞ்சினின் ஹெட் கேஸ்கட் (சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் தகடு) போனது, ஹெட்டும் வளைந்தது. பம்ப் விலையைச் சேர்க்காமலே 1,900 வெள்ளி செலவு. விற்றவரின் பெயரை எழுதப்போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது அங்கே பேசப்படட்டும். அவர் எப்படி விற்றார், நான் எப்படி ஏமாந்தேன் என்பதுதான் உங்களுக்குத் தேவை.

கார் அப்பாவுடையது. 1965ஆம் ஆண்டு மைனர், 1098 சிசி. பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பா கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தார். மலேசிய இந்தியர்களின் அரசியல் தலைவர் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பங்கு சேர்த்துக்கொண்டிருந்த காலம் அது. தோட்டத்தில் துரைக்கு (நிர்வாகிக்கு) ஒரு கார், மருந்தகம் பார்த்த டிரஸருக்கு ஒரு கார், அப்பாவுக்கு இது. இப்போது அங்கே பால்மரம் ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் செம்பனை. கார் மட்டும் எங்கள் வீட்டு வாசலில் தார்ப்பாயின் கீழ் பதினைந்து ஆண்டுகள் கிடந்தது.

ஓய்வு பெற்றதும் எஞ்சினை இறக்கினேன். எங்கள் ஊர்ப் பட்டறைக்கார அண்ணனுக்கு எழுபது வயது; மைனரை இளவயதிலேயே கழற்றிப் பழகிய கை. சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டன் போட்டு, கிராங்கைத் தீட்டி, வால்வு உட்கார வைத்து எல்லாம் முடிந்தது. பாக்கி வாட்டர் பம்ப் ஒன்றுதான். பழைய பம்பின் பேரிங் ஆடியது, சீல் கசிந்தது. "இதையே சரி செய்யலாம், ஈப்போவில் ஆள் இருக்கிறார், இரண்டு வாரம் ஆகும்" என்றார் அண்ணன். எனக்கு இரண்டு வாரம் பொறுக்கவில்லை. தங்கை மகளுக்குக் கோலகங்சாரில் கல்யாணம். பெண்ணை இந்தக் காரில்தான் கோயிலுக்கு அழைத்துப் போவேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அவசரம் இருந்த இடத்தில்தான் ஏமாற்று நுழைந்தது. அதில் என் பங்கும் உண்டு.

விளம்பரப் படத்தில் இருந்த பம்ப் சரியானதுதான். மேலே குட்டிக் குழாய் மூக்குப் போல நீட்டிக்கொண்டிருந்தது. அந்த மூக்கைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். தொலைபேசியில் அழைத்தேன். நல்ல தமிழ், மரியாதையான குரல்.

"மைனரா அண்ணே? எந்த வருடம்?"

"அறுபத்தைந்து."

"அப்படியானால் இதுதான். ஏ-சீரிஸ் எல்லாவற்றுக்கும் ஒரே பம்ப். கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாம்."

அவ்வளவுதான் பேச்சு. ஹெட் எது, எஞ்சின் எண் என்ன, புல்லி எந்த வகை, பழைய பம்பின் படம் இருக்கிறதா, எதையும் அவர் கேட்கவில்லை. கேள்வி கேட்காத அவருடைய வேகத்தை அன்று நான் அனுபவம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஏ-சீரிஸ் எஞ்சின் 1951இல் ஆஸ்டின் ஏ30 காரில் வந்தது. கடைசி மினி 2000இல் தொழிற்சாலையை விட்டு வெளியேறும்வரை அதே குடும்பம்தான் ஓடியது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள்! 803, 948, 998, 1098, 1275 என்று எத்தனையோ அளவுகள். மைனரில் நெடுக்காக நின்றது, மினியில் குறுக்காகப் படுத்தது. இத்தனைக்கும் ஒரே பம்ப் எப்படி இருக்க முடியும்? பிளாக்கில் பிடிக்கும் நான்கு போல்ட்டும் சேர்கின்றன என்பதால் பம்ப் பொருந்திவிடாது. சட்டைக்குப் பொத்தான் மாட்டிவிட்டால் அளவு சரி என்று சொல்வீர்களா?

பார்சல் வந்தது. பெட்டியில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு கம்பெனியின் முத்திரை. உள்ளே வெள்ளிப் பூச்சில் மினுமினுத்த பம்ப். மேலே மூக்கு இல்லை.

இனி அந்த மூக்குக்கு வருகிறேன், ஏனென்றால் விஷயமே அதுதான். மைனரின் தெர்மோஸ்டாட் ஹெட்டின் முன்பக்கம் இருக்கிறது. எஞ்சின் சூடேறும்வரை அது மூடியிருக்கும், தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாது. அதற்காகத் தண்ணீர் நின்றுவிடக் கூடாதே! ஹெட்டின் அடியிலிருந்து பம்புக்கு ஒரு குட்டி ரப்பர் குழாய் போகும், அதன் வழியாகத் தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதுதான் பைபாஸ். பிற்கால ஏ-பிளஸ் எஞ்சின்கள் சிலவற்றில் அதை எடுத்துவிட்டார்கள். அவற்றின் பம்பில் மூக்கு இருக்காது. அங்கே ஹீட்டர் குழாய் வழியாகத் தண்ணீர் சுற்றும். எங்கள் காரில் ஹீட்டரே இல்லை. இந்த வெயிலில் யாருக்கு ஹீட்டர் வேண்டும்? ஹெட்டின் பின்பக்கம் ஹீட்டர் குழாய் போக வேண்டிய இடம் முதல் நாளிலிருந்தே தகடு போட்டு அடைக்கப்பட்டிருக்கிறது. பைபாஸும் இல்லை, ஹீட்டரும் இல்லை என்றால் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும் நேரத்தில் தண்ணீருக்குப் போக்கிடமே கிடையாது. பம்பிலிருந்து எட்டத்தில் இருக்கும் பின் சிலிண்டர்கள் கொதிக்க ஆரம்பித்த பிறகும் முன்னால் உட்கார்ந்திருக்கும் தெர்மோஸ்டாட்டுக்கு அந்தச் சேதி போய்ச் சேராது.

விற்றவரை அழைத்தேன். படத்தில் இருந்தது வேறு, வந்தது வேறு என்றேன். "இது மேம்படுத்திய மாடல் அண்ணே. பைபாஸை ஒரு போல்ட் வைத்து அடைத்துவிடுங்கள். கம்பெனியே பிற்பாடு அப்படித்தான் செய்தது" என்றார். அதில் பாதி உண்மை. முழுப் பொய்யாக இருந்திருந்தால் அன்றே பார்சலைத் திருப்பி அனுப்பியிருப்பேன். பைபாஸை அடைப்பவர்கள் தெர்மோஸ்டாட்டின் விளிம்பில் மூன்று மில்லிமீட்டர் அளவில் இரண்டு மூன்று துளை போட்டுக் கொஞ்சம் தண்ணீர் ஓட வழி விடுவார்கள். அந்த மறுபாதியை அவர் சொல்லவில்லை, எனக்கும் அப்போது தெரியாது. "சந்தேகமாக இருந்தால் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறியுங்கள், நம் நாட்டுக்கு அது எதற்கு" என்று இன்னொரு யோசனையும் சொன்னார். அதை நம் பட்டறைகளில் பலரும் சொல்கிறார்கள். வெறுமனே கழற்றினால் ஏ-சீரிஸில் பின் சிலிண்டர்களுக்குப் போகும் தண்ணீர் குறையும். அதனால்தான் பந்தயக் கார்க்காரர்கள் தெர்மோஸ்டாட்டை எடுத்த இடத்தில் ஒரு வளையத்தைப் போட்டு மாட்டுகிறார்கள்.

அண்ணன் பம்பைக் கையில் வாங்கியதும் முகம் சுளித்தார். கேஸ்கட் உட்காரும் முகத்திலிருந்து புல்லி பிடிக்கும் தட்டுவரை வெர்னியர் வைத்து அளந்தார். பழையதைவிட நான்கு மில்லிமீட்டர் அதிகம். மாட்டிப் பார்த்தால் பெல்ட் கோணலாக ஓடியது. விசிறி ரேடியேட்டர் பக்கம் நெருங்கிவிட்டது. டைனமோவுக்கு வாஷர் கொடுத்து முன்னால் தள்ளச் சொன்னார் விற்றவர். "டைனமோவைத் தள்ளலாம். கிராங்க் புல்லியை எங்கே தள்ளுவது? தம்பி, இது வேண்டாம்" என்றார் அண்ணன்.

நான் கேட்கவில்லை. கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை.

புதன்கிழமை மாட்டினோம். டவுனுக்குள் மூன்று நாள் குட்டிக் குட்டி ஓட்டம், பெல்ட் கிறீச்சிட்டதைத் தவிர ஒன்றுமில்லை. ஞாயிறு காலை ஐந்தரைக்கு, பெண்ணை அழைக்கக் கோலகங்சாருக்குப் புறப்பட்டேன். முன்னால் சாமந்தி மாலை கட்டியிருந்தது. மைனரில் வெப்பமானி கிடையாது என்பதைச் சொல்ல வேண்டும். வேகமானியும் அதற்குள் பெட்ரோல் முள்ளும்தான். சாலாக் தாண்டியதும் எஞ்சின் இழுவை குறைந்தது. பிறகு பானட் இடுக்கில் ஆவி. நிறுத்தி இறங்கியபோது மாலை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மணப்பெண், என் மைத்துனரின் மைவி காரில் கோயிலுக்குப் போனாள். நான் லாரியில் கட்டி இழுத்த மைனருக்குள் உட்கார்ந்து திரும்பி வந்தேன். தாலி கட்டியதைப் பார்க்கவில்லை.

ஹெட்டைக் கழற்றியபோது இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்கு நடுவே கேஸ்கட் எரிந்திருந்தது. அந்த இரண்டுக்கும் புகை வெளியேற ஒரே வழிதான், ஹெட்டில் அதிகம் சூடேறும் இடம் அதுவே. ஆனால் எனக்கு உடம்பு எரிந்தது பம்பைக் கழற்றிய பிறகுதான். அண்ணன் தண்டை இடுக்கியில் பிடித்துக்கொண்டு, தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லரை விரலால் திருப்பினார். திரும்பியது. தண்டோடு இறுகியிருக்க வேண்டிய இம்பெல்லர் தனியே சுழன்றது. வேகம் ஏற ஏறப் பம்ப் தண்ணீரைத் தள்ளவே இல்லை, புல்லி மட்டும் சுற்றியிருக்கிறது. வெள்ளிப் பூச்சை நகத்தால் சுரண்டினேன். கீழே துருப்பிடித்துக் குழிகுழியாகிப் போன பழைய வார்ப்பு. பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்க வேண்டும். சீல் போனால் தண்ணீர் பேரிங்கில் ஏறாமல் வெளியே சொட்டவும், சொட்டுவதைப் பார்த்து நாம் தெரிந்துகொள்ளவும் வைத்த துளை. அதில் பட்டி பூசி, அதன்மேல் பெயின்ட் அடித்திருந்தார்கள். மற்றதையெல்லாம் அறியாமை என்று மன்னித்தாலும் மன்னிப்பேன். கசிவுத் துளையை அடைத்தவர் தெரியாமல் அடைக்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று ரசீதிலேயே இருக்கிறது, உங்கள் மெக்கானிக் தப்பாக மாட்டியிருக்கிறார்" என்று பதில் வந்தது. அண்ணே என்ற சொல் அன்றோடு நின்றது. ரசீதை எடுத்துப் பார்த்தேன். "பம்ப் 1" என்று மட்டும் இருந்தது. எந்தக் காருக்கு, எந்த எஞ்சினுக்கு, புதியதா பழையதா, ஒன்றும் இல்லை. விளம்பரத்தையும் படத்தையும் வாட்ஸ்அப் பேச்சையும் என் மகள் முதல் நாளே சேமித்து வைத்திருந்ததால் தப்பித்தேன். உங்களுக்கும் சொல்கிறேன்: வாங்கும்போதே "1098 சிசி மோரிஸ் மைனர், பைபாஸ் உள்ளது, புதியது" என்று எழுதி வாங்குங்கள்.

ரசீதில் அப்படி அச்சிட்டுவிட்டதால் எல்லாம் முடிந்துவிடாது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சொன்ன உபயோகத்துக்குப் பொருள் தகுதியாக இருக்க வேண்டும். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளிவரை கோரலாம்; மனுவுக்கு ஐந்தே வெள்ளிதான் கட்டணம், வழக்கறிஞர் தேவையில்லை. மனு கொடுத்துவிட்டேன். பம்பை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, சுரண்டிய பூச்சோடு அப்படியே வைத்திருக்கிறேன்.

பழைய பம்பை எடுத்துக்கொண்டு கடைசியில் ஈப்போவுக்கே போனேன். அண்ணன் முதலில் சொன்ன அதே ஆள், வயதான ஒரு சீனத் தவுக்கே (கடை முதலாளி). போகுமுன் தொலைபேசியில் பேசினேன், மலாயில்தான். ஒரு பம்ப் வேண்டும் என்றதும் கேள்வியாகக் கேட்க ஆரம்பித்துவிட்டார். டைனமோவுக்கு மேலே பிளாக்கில் ஒரு தகடு இருக்கும், அதில் 10எம்ஏ என்று ஆரம்பிக்கிறதா, 9எம் என்றா? முதலாவது 1098, இரண்டாவது 948. ஹெட் அதே காருடையதா, மாற்றியதா? மூக்கு இருக்கிறதா? ஹீட்டர் உண்டா? புல்லி பழையதா? இதில் இரண்டுக்கு நான் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில், "விலை சொல்ல மாட்டேன், பழையதைக் கொண்டு வா" என்று வைத்துவிட்டார். கொண்டு போனேன். வார்ப்பைத் தட்டிப் பார்த்து, இது நல்ல இரும்பு, வேறு வாங்காதே என்றார். புது பேரிங், புது சீல், 140 வெள்ளி. எட்டு நாளில் கொடுத்தார், அடியில் துளை திறந்திருக்க.

இப்போது அப்பாவின் பம்ப்தான் எஞ்சினில் இருக்கிறது. பைபாஸ் குழாயும் புதிதாகப் போட்டாகிவிட்டது. பம்ப் கழன்றிருக்கும்போதே அதை மாற்றிவிட வேண்டும், பிறகு அந்த இடுக்கில் கை போகாது. பெல்ட் சத்தமில்லாமல் ஓடுகிறது.

நேற்று இரவு அந்த விளம்பரத்தை மறுபடி பார்த்தேன். மூக்கு உள்ள அதே படம், "எல்லா ஏ-சீரிஸுக்கும் பொருந்தும்" என்ற அதே வரி. விலை 350 வெள்ளியாகக் குறைந்திருக்கிறது. கீழே ஒருவர், தன் மினிக்குச் சேருமா என்று கேட்டிருக்கிறார். எந்த மினி என்று கேட்காமலே, சேரும் என்று பதில் போட்டிருக்கிறார்கள்.