மேட்டாங்காட்டு மக்காச்சோளத்துக்கு 45 கிலோ வேம்பு யூரியா மூட்டை: எங்கே கைகொடுக்கும், எங்கே வீணாகும்

சேலம் மாவட்டத்து ஆத்தூர், கெங்கவல்லி, தலைவாசல் பக்கம் புரட்டாசி மழையை நம்பி மக்காச்சோளம் போடுகிறவர்களுக்கு ஏக்கருக்கு இந்த ஒரு மூட்டை போதும். செம்மண் மானாவாரிக்கு எக்டருக்கு 60:30:30 கிலோ (தழை, மணி, சாம்பல் சத்து வரிசையில்) என்பது பொதுப் பரிந்துரை. ஏக்கருக்குப் பார்த்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) 24 கிலோ, மணிச்சத்தும் சாம்பல் சத்தும் 12 கிலோ வீதம். அடியுரமாக, தழையும் மணியும் கலந்த டிஏபி உரம் அரை மூட்டையும் (25 கிலோ) 20 கிலோ பொட்டாஷும் போட்டுவிட்டால் மணியும் சாம்பலும் தீர்ந்தன. டிஏபியிலேயே நாலரை கிலோ தழைச்சத்து வந்துவிடும். மிச்சம் தேவை 19.5 கிலோ, யூரியா மூட்டையில் இருப்பது 20.7 கிலோ. 266 ரூபாய் 50 காசுக்கு இவ்வளவு தழைச்சத்து வேறு எந்த உரத்திலும் கிடைக்காது. கரிசல் காட்டுக்கு 40:20:0 தான், அதனால் 17 கிலோ டிஏபியும் 28 கிலோ யூரியாவும் போதும். மண் பரிசோதனை முடிவு கையில் இருந்தால் இந்தக் கணக்கை விட்டுவிட்டு அதன்படியே போடுங்கள்.

வேப்பெண்ணெய்ப் பூச்சு 2015-இல் கட்டாயமானது. அது செய்யும் முக்கிய வேலை: மண்ணில் தழைச்சத்து அம்மோனியம் என்ற வடிவத்திலிருந்து நைட்ரேட் என்ற வடிவத்துக்கு மாறும் வேகத்தைக் குறைக்கிறது. நைட்ரேட்தான் தண்ணீரோடு இறங்கும் வடிவம் என்பதால், சேர்வராயன், கல்வராயன் அடிவாரத்துச் சரளை மண்ணில் பெரிய மழை கொட்டினாலும் உரம் வேருக்குக் கீழே ஓடிப்போவது குறையும். இது உண்மையான பலன். ஆனால் மேலாகத் தூவிய யூரியா அம்மோனியாவாகிக் காற்றில் போவதை இந்தப் பூச்சு தடுக்காது. பூசின யூரியாதானே, மேலேயே கிடந்தாலும் கெடாது என்ற நம்பிக்கையில்தான் நிறையச் சத்து பறிபோகிறது. லேசாக ஈரம் பட்ட மண்ணில் விசிறிவிட்டு, அடுத்த மூன்று நாலு நாள் வெயில் அடித்தால் அதைவிட மோசமான நேரம் இல்லை. தூவியவுடன் நன்றாக நனைக்கும் மழை பெய்ய வேண்டும், இல்லையென்றால் மண்ணைப் போட்டு மூட வேண்டும்.

எப்போது போடுவது என்பதை நாள் கணக்கை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது, இலையை எண்ண வேண்டும். இலைத்தாள் தண்டைச் சுற்றும் இடத்தில் வெளிறிய கோடு ஒன்று தெரியும். அந்தக் கோடு வெளியே வந்த இலைகளை மட்டும் கணக்கில் எடுங்கள். குருத்துக்குள் சுருண்டிருப்பதை விட்டுவிடுங்கள். அப்படி ஆறிலிருந்து எட்டு இலை ஆனால் முதல் அரை மூட்டைக்கு நேரம், ஏறக்குறைய 25 முதல் 30 நாள். கருதில் எத்தனை வரிசை மணி என்பது இந்தக் கட்டத்தை ஒட்டித்தான் முடிவாகிறது. பயிர் தழைச்சத்தை வேகமாக இழுப்பதும் இதற்குப் பிறகுதான். விதைக்கும்போதே மொத்த மூட்டையையும் போட்டால் முழங்கால் உயரத்துக்குள் இருக்கும் பயிர் அதில் கொஞ்சம்தான் எடுக்கும், மிச்சத்தை மழை கொண்டுபோகும். விதையை ஒட்டி விழுந்தால் முளைப்பும் கருகும். இரண்டாவது அரை மூட்டை 40 முதல் 45 நாளில், ஆண் பூ குருத்துக்கு வெளியே தலைகாட்டுவதற்கு முன். கருதின் நுனியில் பட்டு நூல் வந்த பிறகு போடுவது தண்டச் செலவு.

அளவுதான் பலருக்கும் பிடிபடுவதில்லை. 45-க்கு 20 சென்டிமீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 45,000 செடி. அரை மூட்டையைப் பிரித்தால் ஒரு செடிக்கு அரை கிராம்தான் வரும். ஒவ்வொரு தூருக்கும் ஒரு சிட்டிகை வைத்துக்கொண்டே போனால் கால் காட்டிலேயே உரம் தீர்ந்துவிடும். சால் (செடி வரிசை) கணக்கில் 10 மீட்டருக்கு 25 கிராம். தராசில் 25 கிராம் நிறுத்து, ஒரு சின்ன மூடியில் கொட்டி அளவைக் குறித்துக்கொண்டு, 10 மீட்டர் தூரத்துக்கு இழுத்துத் தூவிப் பாருங்கள். இரண்டு சாலில் கை பழகிவிடும். தூரிலிருந்து நாலு விரல் தள்ளிக் கோடு கீறிப் போட்டு, அன்றைக்கே மண் அணைத்துவிட வேண்டும். காலைப் பனியில் இலை நனைந்திருக்கும்போது தூவினால் மணிகள் குருத்துக்குள் ஒட்டி இலை கருகும். பனி காய்ந்த பிறகு இறங்குங்கள்.

மழை ஏமாற்றினால்? மத்தியானத்தில் இலை சுருண்டு நிற்கும் காட்டில் யூரியா போடவே கூடாது. முதல் தவணைக்கு 35 நாள் வரைகூடக் காத்திருக்கலாம். இரண்டாவதுக்கு மழையே இல்லையென்றால் அந்த அரை மூட்டை வீட்டிலேயே இருக்கட்டும், மூட்டை வாயை இறுக்கிக் கட்டி வையுங்கள். ஓரளவு ஈரம் இருந்து பயிர் வெளிறினால் 10 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் யூரியா கரைத்துச் சாயங்காலத்தில் தெளிக்கலாம். ஏக்கருக்கு 200 லிட்டர் தெளித்தால் 1.8 கிலோ தழைச்சத்து. 2021-இல் வந்த 4 சதவீத நானோ யூரியாவின் அரை லிட்டர் பாட்டிலில் மொத்தமே 20 கிராம்தான் தழைச்சத்து. மூட்டைக்குப் பதில் அது என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இவ்வளவையும் சரியாகச் செய்தும், ரகம் மழையோடு பொருந்தாவிட்டால் மூட்டை பலன் தராது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக வீரிய ஒட்டு ரகங்களில் கோ.எச்.(எம்) 8 சுமார் 95 நாள், கோ.எச்.(எம்) 6 சுமார் 110 நாள். அக்டோபர் முதல் வாரம் விதைத்தால் நீண்ட நாள் ரகம் மணி பிடித்து முடிக்க ஜனவரி பாதி ஆகிவிடும், அதற்குள் மழை ஓய்ந்துவிடும். நூல் வரும் சமயத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு வாரம் ஈரம் இல்லையென்றால் ஆண் பூ மகரந்தத்தைக் கொட்டிவிடும், நூலோ பிந்தி வரும், கருது பொக்கையாகும். அதனால் செம்மண், சரளை, கல்லாங்காட்டுக்கு 95 நாள் ரகமே சரி. ஈரம் தாங்கும் தலைவாசல் பக்கத்துக் கரிசலில், விதைப்பு பிந்தாவிட்டால், 110 நாள் ரகத்தைத் துணிந்து போடலாம், விளைச்சலும் கூடும். தனியார் விதை வாங்கினால் பையின் படத்தைப் பார்க்காமல், எத்தனை நாளில் பூக்கும் என்று கேளுங்கள். ஏக்கருக்கு 8 கிலோ விதை போதும். போன வருஷத்து ஒட்டு ரக மணியை எடுத்து விதைத்தால் செடி ஒன்றுபோல வராது.

கடையில் மூட்டையில் கொக்கி குத்திய ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள், ஈரம் ஏறியிருக்கும். கட்டி பிடித்த யூரியாவில் சத்து போய்விடவில்லை, ஆனால் உடைத்துப் பொடியாக்காமல் தூவினால் ஓரிடத்தில் கருகும், ஓரிடத்தில் வெளிறும். யூரியா வேண்டுமானால் கூடவே இன்னொரு பாட்டிலும் வாங்கியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆதார் வைத்து இயந்திரத்தில் வரும் ரசீதைக் கையில் வாங்கி, எத்தனை மூட்டை பதிவாகியிருக்கிறது என்று அங்கேயே சரிபாருங்கள்.