உப்புக் காற்றுக்கு எந்தப் பெரிய திரை?

பகலில் கணக்கு வேலை, இரவில் படமும் கிரிக்கெட்டும். இரண்டுக்கும் ஒரே மடிக்கணினி, அதுவும் பெரிய திரையோடு வேண்டும் என்று தேடினால் கடைசியில் மூன்று வகைகள் நிற்கும். அலுவலகப் பயன்பாட்டுக்கென்று வரும் 16 அங்குல விண்டோஸ் மடிக்கணினி ஒன்று. 17.3 அங்குல கேமிங் மடிக்கணினி இன்னொன்று. மூன்றாவது, ஆப்பிளின் 15.3 அங்குல மேக்புக் ஏர். நான் வாங்கியது முதலாவதை. கேமிங் வகை கீழக்கரையில் என் மைத்துனர் வீட்டில் இருக்கிறது. அதில் படமும் பார்த்திருக்கிறேன், அவசரத்துக்கு வேலையும் செய்திருக்கிறேன். ஏரை அண்ணன் மகளிடம் அவ்வப்போது வாங்கிப் பயன்படுத்தியதோடு சரி. ஆகவே மூன்றைப் பற்றியும் ஒரே உறுதியோடு பேச என்னால் ஆகாது. எழுதுகிறவன் பாம்பன்காரன், வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே தென்னந்தோப்பு மட்டும்தான் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் பரமக்குடிக்காரருக்கு என் முடிவு பொருந்தாமல் போகலாம்.

முதலில் திரை. அங்குலக் கணக்கை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். 17.3 அங்குலத் திரைகள் பெரும்பாலும் 16:9 என்ற அகல-உயர விகிதத்தில் வருகின்றன. இப்போதைய 16 அங்குலத் திரைகள் 16:10. அளவுகோல் வைத்துப் பார்த்தால் இரண்டின் உயரமும் ஏறத்தாழ 21.5 செ.மீ.தான்! அகலத்தில் மட்டும் ஒன்று 38.3 செ.மீ., மற்றது 34.5 செ.மீ. எனவே எக்செல் தாளில் எத்தனை வரிசை தெரியும் என்பதில் பெரியது சிறியதைவிட எதையும் கூடுதலாகத் தந்துவிடாது. படம் பார்க்கும்போது நிலைமை வேறு. 16:9 காட்சி 16 அங்குலத் திரையில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டு, பழைய 15.6 அங்குல மடிக்கணினியில் தெரிந்த அதே அளவுக்குச் சுருங்கிவிடும். 17.3-இல் அதே காட்சி பரப்பளவில் சுமார் 23 சதவீதம் பெரிது. கட்டிலில் நான்கு பேர் சாய்ந்துகொண்டு பார்க்கிற வீட்டில் இந்த வித்தியாசம் தெரியும். தனியாகப் பார்க்கிறவர் மடிக்கணினியை இன்னும் கொஞ்சம் அருகில் இழுத்துக்கொண்டால் போதும். நான்கு பேர் என்றால் எச்டிஎம்ஐ கம்பியை டிவியில் செருகுவதுதான் சரி என்பது என் கருத்து.

அளவைவிட நிறத்தைக் கவனியுங்கள். ஒரு திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கு என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி என்று அளவுகள் உண்டு. விளம்பரத் தாளின் மூலையில் ‘45 சதவீதம் என்டிஎஸ்சி’ என்று இருந்தால் முகங்கள் வெளிறித் தெரியும் மலிவுத் திரை என்று பொருள். ‘100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி’ என்று இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். ஒரே மாடலிலேயே இரண்டு திரைகளும் விற்கப்படுகின்றன. விலைப்பட்டியலில் பெயர் ஒன்றாகவே இருக்கும். நம் ஊர் வெளிச்சத்துக்குக் கண்ணாடிப் பளபளப்பு இல்லாத மேட் திரை நல்லது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஏர் பின்தங்குகிறது. மற்றபடி 500 நிட் ஒளிர்வும், நிறமும், ஆறு ஒலிபெருக்கிகளும் சேர்ந்து, படம் பார்ப்பதற்கு மூன்றில் அதுதான் முதலிடம்.

ஏர் எனக்கு ஏன் ஒத்துவரவில்லை என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கணக்கெழுதும் மென்பொருளான டேலி அதில் நேரடியாக ஓடாது. தனி எண்பலகை கிடையாது. வரித்தாக்கலுக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் செருகப் பழைய யுஎஸ்பி துளையும் இல்லை. கணக்கு வேலை பார்க்காதவர்களுக்கு இவற்றில் ஒன்றுமே குறையாகத் தெரியாது. கேமிங் மடிக்கணினியின் சிக்கலும் ஊரறிந்ததுதான். எடை இரண்டரைக் கிலோ, செங்கல் போன்ற சார்ஜர் தனி. 230 வாட் சார்ஜரை முழு வேகத்தில் ஓடவிட்டால் இன்வெர்ட்டருக்கு அது மூன்று மின்விசிறிகளின் சுமை. பராமரிப்புப் பணிக்காகப் பகல் முழுக்க மின்சாரம் நிறுத்தப்படும் நாட்களில் இது விளையாட்டல்ல. என்னுடையது 65 வாட் டைப்-சி சார்ஜரில் அடங்கிவிடுகிறது.

இவையெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்துகிற கணக்கு. இந்தக் கரையில் முடிவைத் தீர்மானிப்பது வேறு ஒன்று: உப்பு. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் இரும்பை அரித்த காற்று அது. 2022 டிசம்பரில் அந்தப் பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை இராமேஸ்வரம் தீவுக்கு ரயில் இல்லை. ஆண்டுதோறும் வண்ணம் பூசிப் பராமரித்த இரும்புக்கே அந்தக் கதி. தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கோடுகள் ஓடும் மதர்போர்டு எம்மாத்திரம்?

அலைத் துளி காற்றில் கலந்து வந்து, நீர் உலர்ந்து, உப்பு மட்டும் எங்கும் படிகிறது. காய்ந்த உப்பால் பெரிய கேடில்லை. ஆனால் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியும். இங்கே விடியற்காலையில் ஜன்னல் கம்பியைத் தொட்டுப் பார்த்தால் கை பிசுபிசுக்கும். மடிக்கணினிக்குள் நடப்பதும் அதுதான். அந்த உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு முனைகளுக்கு நடுவே அது நின்றால் உலோகம் கரைந்து களிம்பு ஏறும். அணைத்து வைத்தாலும் பேட்டரி இணைப்பில் மின்னழுத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும் என்பதால், பயன்படுத்தாமல் பூட்டி வைப்பதும் பாதுகாப்பல்ல.

இந்தக் கோணத்தில் மூன்றையும் திரும்பப் பாருங்கள். கேமிங் வகையில் இரண்டு பெரிய விசிறிகள் ஓயாமல் வெளிக்காற்றை உள்ளே இழுத்துச் செம்புத் தகடுகளின் மேல் ஊதுகின்றன. மைத்துனரின் மடிக்கணினியைத் திறந்தபோது தகடுகளின் ஓரம் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. ஒரு விசிறி முனகிக்கொண்டு சுற்றியது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நுண்மணலும் சேர்ந்துகொள்ளும். ஏரில் விசிறியே இல்லை. காற்றை இழுக்காத பெட்டி கடற்கரைக்கென்றே செய்ததுபோலத் தோன்றும்; நானும் அதனால்தான் வெகுநாள் அதன் பக்கம் சாய்ந்திருந்தேன்.

சாய்ந்தவன் விலகியது ஒரு கேள்வியால். உப்பு தாமதமாகத்தான் நுழையும், ஆனால் விசைப்பலகை வழியாகவும் சார்ஜ் துளை வழியாகவும் நுழையாமல் இருக்காது. நுழைந்த பிறகு என்ன? ஏரில் நினைவகம் (ரேம்), சேமிப்பகம் (எஸ்எஸ்டி) எல்லாம் ஒரே பலகையில் பற்றவைக்கப்பட்டவை. பலகை போனால் அதோடு கோப்புகளும் போயின. வேறெங்காவது நகல் எடுத்து வைத்திருந்தால் தப்பித்தோம். ஈரத்தாலும் துருவாலும் வரும் பழுதுகள் பெரும்பாலும் உத்தரவாதத்தில் அடங்குவதில்லை. புதுப் பலகையின் விலையைக் கேட்டால் புதியதே வாங்கிவிடலாம் என்று தோன்றும்.

அலுவலக வகையில் அடிமூடியின் திருகுகளைக் கழற்றினால் உள்ளே எல்லாம் தனித்தனி. எஸ்எஸ்டியைக் கழற்றி ஒரு சிறு உறையில் போட்டு வேறு கணினியில் செருகினால் அன்றே வேலை தொடரும். விசிறி, பேட்டரி, ரேம், எதையும் தனியாக மாற்றலாம். லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லேட்டிட்யூட் போன்ற வரிசைகளுக்குப் பிரித்து மாட்டும் கையேட்டை நிறுவனங்களே பொதுவில் தருகின்றன. ஆனால் 16 அங்குலம் என்றாலே இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். மெலிதாக்குவதற்காக ரேமைப் பற்றவைத்த மாடல்கள் நிறைய. அந்தக் கையேட்டைத் திறந்து இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: ரேமுக்குத் தனித் துளை உண்டா, சார்ஜ் துளை தனிச் சிறு பலகையில் இருக்கிறதா. பெரும்பாலும் முதலில் களிம்பேறுவது சார்ஜ் துளைதான். அது தனிப் பலகையில் இருந்தால் சில்லறைச் செலவு. மதர்போர்டில் இருந்தால் தலைவலி.

பராமரிப்பு பெரிய வித்தையல்ல. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடிமூடியைத் திறந்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, மென்தூரிகையால் விசிறியைத் துடைக்கிறேன். துளைகளுக்கு 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் நீர் இருப்பதால் அது வேண்டாம். பயன்படுத்தாத துளைகளுக்கு ரப்பர் மூடி. கடல் பார்த்த ஜன்னலை மூடிவிட்டு வேலை. தினமும் சற்று நேரமாவது ஓடினால் அந்தச் சூடே ஈரத்தை விரட்டிவிடும். குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்த உடனே மொட்டைமாடிக்குக் கொண்டுபோனால் உள்ளே நீர் பனித்துவிடும். அது மட்டும் கூடாது. சொந்தக் கையால் திறப்பது உத்தரவாதத்தைப் பாதிக்குமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், நிபந்தனைகளைப் படித்துக்கொள்ளுங்கள். என்னுடையது இதுவரை ஒரு கச்சானையும் ஒரு வாடையையும் மட்டுமே கண்டிருக்கிறது. உள்ளே இன்னும் களிம்பு இல்லை. ஐந்து வருடம் தாங்குமா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

மறுவிற்பனையில் ஏர்தான் நல்ல விலை போகும், துளைகளில் பச்சை தெரியாதவரை. கேமிங் வகையைக் கீழக்கரையிலோ இராமநாதபுரத்திலோ விற்கப் போனால், வாங்குகிறவர் முதலில் விசிறிப் பக்கம்தான் காது வைக்கிறார்.

விளையாட்டோ வீடியோ தொகுப்போ முக்கியமானவர்கள் கேமிங் வகையையே வாங்க வேண்டியிருக்கும். கதவடைத்த அறையில் வையுங்கள். எழுத்து, படிப்பு, படம் மட்டும் என்பவர்கள் ஏரைத் தாராளமாக வாங்கலாம், வாரம் ஒருமுறை வெளி வட்டில் நகல் எடுப்பதாக இருந்தால். என்னைப் போல் வேலையே அதில்தான் என்றால் 16 அங்குல அலுவலக வகை, அதுவும் வீட்டுக்கு வந்து பழுது பார்க்கும் உத்தரவாதத்தோடு. மதுரை இங்கிருந்து சுமார் 160 கிலோமீட்டர். பழுதான மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய்வர ஒரு நாள் போகும், திரும்ப வாங்க இன்னொரு நாள். ‘ஆன்சைட்’ என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் எல்லா ஊருக்கும் ஆள் வருவதில்லை. பணம் கட்டுமுன் நிறுவனத்தின் எண்ணுக்கு அழைத்து, 623 எனத் தொடங்கும் உங்கள் பின்கோடைச் சொல்லி, தொழில்நுட்பர் வாசலுக்கு வருவாரா, இராமநாதபுரத்தோடு நின்றுவிடுவாரா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.