ஸ்பாட் லைட் வாங்குகிறவர்கள் கவனம்: 18,500 ரூபாய் போச்சு

ஹாலில் பிளாஸ்டிக் கருகிய நாற்றம் இன்னும் போகவில்லை. அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன்.

கீழக்கரை வீட்டு ஹாலுக்கு பி.வி.சி. சீலிங் அடித்து ஸ்பாட் லைட் போட்டோம். ஃபிட்டிங், பல்பு, மாட்டும் கூலி எல்லாம் ராமநாதபுரத்தில் ஒரே லைட் கடை. ஃபிட்டிங்கின் உள்ளே ஸ்டிக்கரில் ‘அதிகபட்சம் 35 வாட்’ என்று இருந்தது. எடுத்துக் கொடுத்ததோ 50 வாட் ஹாலஜன் பல்பு. ஸ்டிக்கரைக் காட்டியே கேட்டேன். கவுண்டர்க்காரர் டீ வரவழைத்துக் கொடுத்து, “காக்கா, அது கம்பெனிக்காரன் சும்மா ஒட்டுறது. எங்க வீட்டுலயே இதுதான் எரியுது. மங்கலா எரிஞ்சா நீங்களே என்னைத் திட்டுவீங்க” என்றார். எங்கள் பக்கம் காக்கா என்றால் அண்ணன். வாப்பா காலத்திலிருந்து வாங்குகிற கடை. சொந்தக்காரர் மாதிரிப் பேசுகிறவரை எப்படி நம்பாமல் இருப்பது?

வீட்டில் விருந்து நடந்த அன்று லைட் எல்லாம் ராத்திரி வரை எரிந்தது. சோபாவுக்கு மேலே சீலிங் தொய்ந்து இறங்கிவிட்டது. பி.வி.சி. 80 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும். ஹாலஜனோ இழுக்கிற கரண்டில் பெரும்பகுதியை வெப்பமாகத்தான் கக்கும், மேலே அந்தச் சூடு போக வழியும் இல்லை. ஹோல்டர் உருகி, வயர் கருகிக் கிடந்தது. தீப்பிடிக்காமல் அல்லாஹ் காப்பாற்றினான். லைட், சீலிங், கூலி எல்லாம் சேர்த்து 18,500 ரூபாய்.

கடைக்குப் போனால் அதே ஆளுக்கு நான் இப்போது ‘சார்’. “சார், உங்க ஏரியா வோல்டேஜ் சரியில்லை.” அப்புறம், “கடல் காத்துல உப்பு பிடிச்சிருக்கும்.” உப்புக்காற்றில் துருப்பிடிக்கும், சரி. சீலிங் உருகுமா? முதலாளி வெளியூரில் இருக்கிறாராம். பில்லை நீட்டினால், “பல்புக்கு வாரண்டி இல்லன்னு கீழே போட்டிருக்கு பாருங்க.” இப்போது போனையும் எடுப்பதில்லை. 18,500 ரூபாய்!

பல்பு தேர்ந்தெடுப்பது பற்றி விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஓடவில்லை. ஃபிட்டிங்கில் போட்டிருக்கும் வாட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள், யார் சொன்னாலும். ஹாலஜனே வேண்டாம், அந்த 50 வாட் வெளிச்சத்தை 5 முதல் 7 வாட் எல்.இ.டி. கொடுத்துவிடும். அட்டையில் ‘50 வாட்டுக்குச் சமம்’ என்று பெரிதாகப் போட்டிருப்பது வெளிச்சக் கணக்கு. பல்பு இழுக்கிற வாட் சின்ன எழுத்தில் இருக்கும், அதைப் பாருங்கள். பல்புக்கு வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் பழைய 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால், அது எல்.இ.டி.க்கு ஒத்துவருமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். கடைக்காரர் வாயால் சொல்வதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். உங்கள் சீலிங்கில் இப்போதே அதிக வாட் ஹாலஜன் எரிகிறதென்றால் சுவிட்சை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.