தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று: திருச்சியில் அக்கித் தடுப்பூசி

சிங்கப்பூரில் வேலை அனுமதியில் இருப்பவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது பல் டாக்டர், கண்ணாடிக்கடை, ரத்தப் பரிசோதனை என்று கையில் ஒரு பட்டியலோடுதான் கிளம்புவோம். போன தீபாவளிக்கு என் பட்டியலில் முதலில் இருந்தது அக்கித் தடுப்பூசி. ஷிங்ரிக்ஸ் என்ற பெயரில் வருகிறது. இரண்டு டோஸ் போட வேண்டும், நடுவில் இரண்டு முதல் ஆறு மாதம் இடைவெளி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடுவே இரண்டரை, மூன்று மாதம் வரும். திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறது, இரண்டு பண்டிகைக்கும் எப்படியும் போகத்தான் போகிறோம். அப்புறம் என்ன, ஊரிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தேன்.

விலையும் ஒரு காரணம். 2025 செப்டம்பரிலிருந்து சிங்கப்பூர் அரசு இந்த ஊசிக்கு மானியம் தருகிறது. 60 வயது தாண்டியவர்களுக்கு உண்டு. எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் என்றால் 18 வயதிலிருந்தே உண்டு. ஆனால் வேலை அனுமதிக்காரர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. கம்பெனி இன்சூரன்ஸ் என் புற்றுநோய்க் கீமோவுக்குக் கொடுத்தது, தடுப்பூசிக்குக் கொடுக்காது. தனியார் கிளினிக்குகளில் ஒரு டோஸுக்கு நானூறு, ஐந்நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சொன்னார்கள். திருச்சியில் விசாரித்தால் பத்தாயிரம் ரூபாயை ஒட்டி வந்தது. நம்மூர்க் கணக்கில் அதுவும் பெரிய தொகைதான், ஆனாலும் வெள்ளிக் கணக்கில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு.

எனக்கு லிம்ஃபோமா, நெறிக்கட்டிகளில் வரும் புற்றுநோய். சிகிச்சை முடிந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது, ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது. ஆனால் ரிட்டுக்சிமாப் என்ற மருந்து கலந்த கீமோ எதிர்ப்பு சக்தியையும் சேர்த்து வழித்துக்கொண்டுதான் போகும். சின்ன வயதில் சின்னம்மை வந்தவர்களுக்கு அந்த வைரஸ் நரம்பு வேர்களில் சாகாமல் படுத்திருக்கும். உடம்பு தளர்ந்த நேரத்தில் ஒரு பக்கமாகப் பட்டை போட்டு அக்கியாகக் கிளம்பும். லிம்ஃபோமா, மைலோமா போன்ற ரத்தப் புற்றுநோய்க்காரர்களுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட நன்றாகவே அதிகம். ரிட்டுக்சிமாப் முடிந்து ஆறு மாதமாவது போகட்டும், அதற்குள் போட்டால் உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது என்று என் டாக்டர் சொல்லியிருந்தார். அந்தக் கணக்கும் முடிந்திருந்தது.

கிளம்பும் முன் அவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டேன். என்ன நோய், என்ன மருந்து, கடைசி கீமோ எந்தத் தேதி, ஷிங்ரிக்ஸ் போடலாம், உயிருள்ள வைரஸ் கலந்த எந்தத் தடுப்பூசியும் கூடாது, இவ்வளவுதான் அதில் இருந்தது. அரைப் பக்கம். மொத்தப் பயணத்திலும் எனக்கு அதிகம் உதவியது அந்த அரைப் பக்கம்தான்.

ஏனென்றால் பெரியவர்களுக்கான தடுப்பூசி என்றால் ஊரில் அது யார் பொறுப்பு என்றே தெளிவில்லை. முதலில் பெயர் பெற்ற ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். டோக்கன் போட்டு, பொது மருத்துவரைப் பார்க்க மதியமாகிவிட்டது. அவர் என் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கேன்சர் ஹிஸ்டரி இருக்கு, ஆன்காலஜியில ஒரு வார்த்தை கேட்டுக்குங்க சார்" என்றார். ஆன்காலஜிக்குப் போனால், "ஊசியெல்லாம் நாங்க போடுறதில்ல, ஜெனரல் மெடிசின்லதான் போடுவாங்க" என்று அந்தப் பக்கம் கை காட்டினார்கள். இரண்டு தளத்துக்கும் நடுவில் லிஃப்ட் மட்டும் நன்றாக வேலை செய்தது. அவர்களைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. கூட்டம் அப்படி. வலியோடு காத்திருக்கிறவர்களுக்கு நடுவே, வராத நோய்க்கு ஊசி கேட்டு நிற்கிறவன் கடைசிதான்.

கடைசியில் பொது மருத்துவரே கடிதத்தைப் படித்துவிட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மருந்து அங்கே ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கி வந்தால் போட்டுவிடுவோம் என்றார்கள். இங்கேதான் கவனம் வேண்டியிருந்தது. முதல் மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்த பையன் உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்து வந்து, "இருக்கு சார், ரெண்டாயிரத்துச் சொச்சம்தான்" என்றான். விலையைக் கேட்டதுமே சந்தேகம். வாங்கிப் பார்த்தால் வாரில்ரிக்ஸ். அதே கம்பெனி, பெயரின் வாலும் அதே, அதே வைரஸுக்கான மருந்தும்கூட. ஆனால் அது குழந்தைகளுக்குப் போடும் சின்னம்மைத் தடுப்பூசி. வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ் அதில் இருக்கிறது. எதிர்ப்பு சக்தி விழுந்துகிடக்கும் உடம்பில் அதுவே நோயைக் கொடுத்துவிடலாம். ஷிங்ரிக்ஸில் உயிருள்ள வைரஸ் கிடையாது. வைரஸின் ஒரே ஒரு புரதமும், எதிர்ப்பு சக்தியைத் தட்டி எழுப்ப ஒரு துணைப்பொருளும்தான். அதனால்தான் புற்றுநோய்க்காரர்களுக்கு இதை நம்பிக் கொடுக்கிறார்கள். அக்கிக்கு முன்பு இருந்த ஸோஸ்டாவாக்ஸும் உயிருள்ள வைரஸ் ரகம்தான். எங்களைப் போன்றவர்களுக்கு ஆகாது. அமெரிக்காவில் 2020-லேயே அதன் விற்பனையை நிறுத்திவிட்டார்கள்.

பையன் ஏமாற்றப் பார்க்கவில்லை. ஷிங்ரிக்ஸ் இந்தியச் சந்தைக்கு வந்ததே 2023-ல்தான், விலை காரணமாக அதிகம் விற்பதுமில்லை. ஆனால் சீட்டை ஒரு உறவுக்காரப் பையனிடம் கொடுத்து வாங்கி வரச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பெட்டியின் மேல் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

அடுத்த கடையில் வரவழைத்துத் தருகிறேன் என்று முன்பணம் கேட்டார்கள். எப்படிக் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். "ஐஸ் பாக்கெட் நாலு போட்டு நல்லா கட்டித் தர்றோம் சார், கல்லு மாதிரி இருக்கும்." அதுதான் பயம். இது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. வெயிலில் சூடேறினாலும் போச்சு, உறைந்துவிட்டாலும் தூக்கித்தான் போட வேண்டும். பத்தாயிரம் ரூபாயைத் தெர்மகோல் பெட்டியில் வைத்து ஆட்டோவில் ஊர் சுற்ற எனக்குத் துணிச்சல் இல்லை. அடைமழை நேரம் வேறு, கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது.

வழி சொன்னது என் அக்கா மகள். "மாமா, தடுப்பூசின்னா குழந்தை டாக்டர்கிட்டதானே போகணும்? தம்பிக்கு அங்கதான் போடுறோம்." இது ஏன் எனக்குத் தோன்றவில்லையோ! தில்லைநகரில் கிளினிக்குக்கா பஞ்சம்? குழந்தை மருத்துவர் ஒருவரிடம் போன் போட்டுக் கேட்டால், "பெரியவங்களுக்கும் போடுறோம், ரெண்டு நாள்ல வரவழைச்சுடலாம், வெள்ளிக்கிழமை காலையில வாங்க" என்றார்கள். அப்புறம் அந்தப் பெண் தானாகவே ஒன்று சேர்த்துச் சொன்னார்: "காலையில ஊசிக்கு வர்ற பிள்ளைங்க மட்டும்தான் இருப்பாங்க. காய்ச்சல் பிள்ளைங்கள சாயந்திரம்தான் பாப்போம்." கீமோ முடித்தவனுக்கு இந்தத் தகவலின் மதிப்பு தெரியும். சின்னம்மையோடு ஒரு குழந்தை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அது விளையாட்டில்லை.

யானைப் படமும் முயல் படமும் ஒட்டிய சுவருக்குக் கீழே, பால்புட்டிகளுக்கு நடுவில், ஐம்பது தாண்டிய ஆள் நான் மட்டும். எதிரில் இருந்த பாட்டி, "பேரன் எங்கப்பா?" என்று கேட்டார். எனக்குத்தான் பாட்டிம்மா ஊசி என்றதும் அவர் மடியிலிருந்த குழந்தையிடம், "பாரு, மாமாவுக்கே ஊசியாம்" என்று ஆரம்பித்துவிட்டார். அதன்பிறகு என் பெயரைக் கூப்பிடும்வரை அந்தக் குழந்தை என்னையே பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

வேலை என்று வந்தால் அவர்கள் சுத்தம். தடுப்பூசிக்கென்றே தனி ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டரில் ஓடுகிறது. கதவில் காலை மாலை வெப்பநிலை குறித்த தாள். நாள் பூராவும் ஊசி போடும் இடம் என்பதால் கை பழகியிருக்கிறது. டாக்டர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். இப்போது ஏதாவது மாத்திரை ஓடுகிறதா, ஸ்டீராய்டு உண்டா, தட்டணுக்கள் எவ்வளவு என்று கேட்டு, கடைசி ரத்த ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். நர்ஸ் இரண்டு சின்னக் குப்பிகளை என் முன்னால் வைத்துப் பெயரையும் காலாவதித் தேதியையும் படிக்கச் சொன்னார். ஒன்றில் பொடி, ஒன்றில் திரவம். இரண்டையும் கலந்ததும் போட்டுவிட வேண்டும். திரவத்தை மட்டும் போட்டு அனுப்பிவிட்டால் ஊசி போட்டும் போடாத கணக்குதான், அதனால் கலப்பதைக் கண்ணால் பார்ப்பது நல்லது. "எந்தக் கை சார்? அக்குள்ல ஆபரேஷன் எதுவும் செஞ்சிருக்கா?" என்றும் கேட்டார். மார்பகப் புற்றுநோய்க்கு நெறிக்கட்டி எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கக் கையைத் தவிர்ப்பார்கள். எனக்கு அந்தப் பிரச்சினை இல்லை, இடது கையைக் கொடுத்தேன். அரை மில்லி மருந்து. குப்பியின் ஸ்டிக்கரை அட்டையில் ஒட்டி, கையெழுத்துப் போட்டு, இருபது நிமிஷம் உட்கார வைத்து அனுப்பினார்கள். கார்ட்டூன் படம் போட்ட குழந்தைகள் அட்டைதான், என் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். சிங்கப்பூர் டாக்டர் அதைப் பார்த்துச் சிரித்தாலும் ஸ்டிக்கரை நகலெடுத்து ஃபைலில் சேர்த்துக்கொண்டார்.

அன்று ராத்திரி குளிரும் நடுக்கமும். கை தூக்க முடியவில்லை. இது வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆறு பேரில் ஒருவருக்கு அன்றாட வேலை பார்க்க முடியாத அளவுக்குப் படுத்தும், இரண்டு மூன்று நாளில் தணியும். பாரசிட்டமால் போட்டுப் படுத்தேன். அதனால் தீபாவளிக்கு முதல் நாள் போய் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள், நாலைந்து நாள் இடைவெளி விடுங்கள். அதிரசம் எங்கும் ஓடிவிடாது, ஆனால் அதைச் சாப்பிட வாய் நன்றாக இருக்க வேண்டும்.

உண்மையில் ஆட்டிவைத்தது காய்ச்சல் இல்லை. மூன்றாம் நாள் குளிக்கும்போது இடது அக்குளில் ஒரு நெறிக்கட்டி தட்டுப்பட்டது. லிம்ஃபோமாக்காரனுக்கு அக்குளில் கட்டி என்றால் என்ன அர்த்தம் என்று வேறு யாருக்கும் விளக்க முடியாது. என் நோய் ஆரம்பித்ததே கழுத்தில் அப்படி ஒரு கட்டியில்தான். ஊசி போட்ட பக்கம் இப்படி வீங்கலாம், எதிர்ப்பு சக்தி வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம் என்று மூளைக்குத் தெரியும். விரல் கேட்குமா? மணிக்கொரு தரம் தடவிப் பார்த்தேன். வீட்டில் சொல்லவில்லை. கிளினிக்குக்கு போன் செய்தபோது, எந்தப் பக்கம், வலிக்கிறதா, எவ்வளவு பெரிசு என்று கேட்டுவிட்டு, இரண்டு வாரத்தில் கரையும், கரையாவிட்டாலோ வேறு பக்கம் வந்தாலோ உங்கள் புற்றுநோய் டாக்டரைப் பாருங்கள் என்றார்கள். கரைந்தது. இதையெல்லாம் யோசித்துத்தான் என் டாக்டர் அடுத்த பெட் (PET) ஸ்கேனை ஆறு வாரம் தள்ளி வைத்திருந்தார். ஊசி போட்ட கையோடு ஸ்கேன் எடுத்தால் அந்த வீக்கம் படத்தில் ஒளிர்ந்து, இல்லாத பயத்தைக் கிளப்பிவிடும். ஸ்கேன் தேதியைப் பார்த்துவிட்டு ஊசித் தேதியைக் குறியுங்கள்.

இத்தனை பாடு எதற்கு என்று அத்தானைப் பார்த்தபின் யாரும் கேட்கவில்லை. அவருக்குப் போன சித்திரையில் விலாவில் அக்கி வந்தது. குயவர் வீட்டுக்குப் போய்க் காவி குழைத்து அக்கி எழுதிக்கொண்டார். கொப்புளம் காய்ந்தது, எழுதியதால்தான் காய்ந்தது என்று இன்றும் நம்புகிறார். எழுதாவிட்டாலும் அது காயும் அத்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கொப்புளம் தெரிந்து 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை ஆரம்பித்திருக்க வேண்டும், அந்த நேரம் போய்விட்டது. இப்போது கொப்புளம் போய் மாதக்கணக்காகியும் சட்டை உரசினால் எரிகிறது என்று வீட்டில் துண்டோடு திரிகிறார்.

ஊசி போட்டால் வரவே வராது என்று யாரும் உறுதி சொல்லவில்லை. எதிர்ப்பு சக்தி குறையாத, ஐம்பது தாண்டியவர்களிடம் நடத்திய பெரிய ஆய்வில் 97 சதவீதம் தடுத்தது. ரத்தம் உண்டாக்கும் தன் ஸ்டெம் செல்லையே திரும்ப ஏற்றிக்கொண்ட நோயாளிகளிடம் அது 68 சதவீதம்தான். என் கணக்கு இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும், எனக்கு அது போதும்.

பொங்கலுக்கு வேலை சுலபம். டிசம்பரிலேயே வாட்ஸாப்பில் சொல்லிவைத்துவிட்டேன். பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் என்று வரிசையாகக் கதவடைப்பார்கள் என்பதால் போகிக்கு முந்தின வாரமே போனேன். அதே நர்ஸ், அதே கை, இந்த முறை காய்ச்சல் லேசு, கட்டி எதுவும் இல்லை.

கூடவே அத்தானையும் அழைத்துப் போனேன். ஒருமுறை வந்தவர்களும் போட்டுக்கொள்ளலாம், திரும்ப வருவதைத் தடுக்கும் என்று டாக்டர் சொன்னார். இப்போதிருக்கும் எரிச்சலை ஊசி குறைக்காது, அதற்கு வேறு மாத்திரை என்று தனியாக எழுதிக் கொடுத்தார். அத்தான் விலையைக் கேட்டு எழுந்துவிட்டார், அக்கா தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். அவருக்கு இரண்டாவது டோஸ் பங்குனியில். அப்போது நான் இருக்க மாட்டேன். பணத்தை கிளினிக்கில் கட்டி ரசீதை அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.