நெடுநேரக் கார்ட் பந்தயத்துக்கு ஹோண்டா ஜிஎக்ஸ்160 ஜோடி: வாங்க நினைப்பவர்களுக்கான மதிப்பாய்வு

வயலோரத்தில் தண்ணீர் இறைக்கும் சிறிய பெட்ரோல் பம்ப், காங்கிரீட் தளம் போடும்போது பயன்படும் வைப்ரேட்டர், மின்தடையின்போது கடைவாசலில் இரையும் ஜெனரேட்டர் எனப் பல இடங்களில் நாம் பார்த்துப் பழகிய, வெள்ளை டேங்க்கும் சிவப்பு மூடியும் கொண்ட ஹோண்டா ஜிஎக்ஸ் வரிசை இன்ஜின்தான் பிரிட்டனின் நெடுநேரக் கார்ட் (தாழ்வான, மேற்கூரையற்ற சிறிய பந்தய வண்டி) பந்தயங்களிலும் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே புரோகார்ட் எனப்படும் பிரிவில், ஓட்டுநர் இருக்கையின் இருபுறமும் ஒவ்வொரு ஜிஎக்ஸ்160 பொருத்தப்பட்டு, தனித்தனி கிளட்ச், தனித்தனி செயின் வழியாக இரண்டும் ஒரே பின் ஆக்சிலைச் சுழற்றுகின்றன. நான்கு மணி நேரம், ஆறு மணி நேரம் என்று ஓடும் பந்தயங்களுக்காக அணி சேர்ப்பவர்கள் முதலில் கேட்பது எந்த இன்ஜினை வாங்குவது என்பதைத்தான். இந்த ஜோடியை நடுவில் வைத்து, அதற்கு மாற்றாகச் சொல்லப்படும் மற்ற இன்ஜின்களையும் அருகில் நிறுத்தி இங்கே பார்க்கிறேன்.

ஜிஎக்ஸ்160இன் கொள்ளளவு 163 சிசி. சிலிண்டரின் விட்டம் 68 மி.மீ., பிஸ்டனின் ஓட்டம் 45 மி.மீ. தொழிற்சாலையிலிருந்து வரும் நிலையில் 3,600 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கான சுழற்சி) ஏறத்தாழ 4.8 ஹெச்பி தருகிறது. எடை 15 கிலோ அளவில் இருக்கிறது. இரண்டைச் சேர்த்தாலும் 10 ஹெச்பியை எட்டாத இந்த ஏற்பாட்டை, 125 சிசியில் 30 ஹெச்பி அளவுக்குத் தரும் இரு ஸ்ட்ரோக் பந்தய இன்ஜின்களோடு ஒப்பிட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. ஒரு லேப்புக்கான (தடத்தின் ஒரு சுற்று) வேகத்தை மட்டும் பார்த்தால் அந்தச் சிரிப்பு நியாயமானதே. ஆறு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் நிலைமை வேறு. லேப் ஒன்றுக்கு ஒரு நிமிடம் பிடிக்கும் தடத்தில் ஆறு மணி நேரத்தில் ஏறக்குறைய 360 லேப்கள் ஓடலாம். ஒரே பிரிவில் எதிரணியைவிட லேப்புக்கு 0.3 விநாடி வேகமாக இருந்தால் பந்தய முடிவில் கிடைக்கும் லாபம் 108 விநாடி, அதாவது இரண்டு நிமிடம்கூட இல்லை. எரிந்துபோன ஒரு கிளட்ச்சைப் பிட்டில் (தடத்தோரம் பழுது பார்க்கும் இடம்) மாற்றப் பத்து நிமிடம் போனால், அந்த 0.3 விநாடிக்காகச் செலவழித்த பணம், உழைப்பு, உறக்கம் எல்லாம் அதோடு போய்விடும். ஆகவே இந்த வகைப் பந்தயத்தில் போட்டித்திறன் என்பதில் பெரும்பங்கு நம்பகத்தன்மையே என்பது என் கருத்து. இரண்டையும் எதிரெதிர்த் தட்டுகளில் வைத்துப் பேசுவது ஸ்பிரின்ட் எனப்படும் குறுகிய நேரப் பந்தயத்தில் பழகியவர்களின் வழக்கம்.

ஜோடி இன்ஜினின் தலையாய பலம் இங்கேதான் வெளிப்படுகிறது. இரண்டில் ஒன்று நின்றுபோனால் கார்ட் நிற்காது. நின்ற இன்ஜினின் கிளட்ச் மையவிலக்கு விசையால் இயங்குவது என்பதால், ஷாஃப்ட் சுழலாதபோது டிரம்மைப் பிடிக்கும் ஷூக்கள் உள்ளே ஒடுங்கிவிடும். வெளியே இருக்கும் டிரம் மட்டும் செயினோடு சேர்ந்து சுழன்றுகொண்டிருக்கும். வேகம் வெகுவாகக் குறைந்தாலும், ஓட்டுநர் தன் முறை முடியும்வரை ஓட்டி, மாற்று ஓட்டுநர் ஏற வேண்டிய நேரத்தில் பிட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடலாம். ஆனால் இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நின்றுபோன ஷாஃப்டின் மேல் டிரம் இடைவிடாமல் உருள்வதால் அதன் உள்ளிருக்கும் புஷ் (உராய்வைத் தாங்கும் வளையம்) வறண்டிருந்தால் சூடேறி இறுகிக்கொள்ளும்; அப்போது செயின் அறுவதும் உண்டு. பந்தயத்துக்கு முந்தைய நாள் இரண்டு புஷ்களிலும் எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பது சில நிமிட வேலைதான்.

இனி குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, இது 3,600 ஆர்பிஎம்முக்காக வடிவமைக்கப்பட்ட இயந்திரம். வேகத்துக்கு எல்லை வைக்கும் கவர்னரை நீக்கி அதற்கு மேல் சுழற்றினால், வார்ப்பிரும்பு ஃப்ளைவீலும் பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் அலுமினியக் கனெக்டிங் ராடும் தாங்க வேண்டிய சுமை ஆர்பிஎம்மின் இருமடிப் பெருக்கத்தில் உயரும். 3,600இலிருந்து 5,400க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்குதான், சுமையோ இரண்டேகால் மடங்கு. உடைந்த ராட் கிராங்க்கேஸைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். உடைந்த ஃப்ளைவீல் அதைவிட ஆபத்தானது, ஏனெனில் அது ஓட்டுநரின் விலா எலும்புக்கு அருகிலேயே சுழல்கிறது. எனவே போட்டி விதிகள் கவர்னரை நீக்க அனுமதித்தால், ஒரே உலோகக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்த பில்லெட் ஃப்ளைவீலையும் பில்லெட் ராடையும் அதே நாளில் போட்டுவிட வேண்டும். விதிகள் அதற்கு இடம் தராவிட்டால் ஆர்பிஎம் ஆசையைக் கைவிட வேண்டும். இதில் பலர் வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் கைவைப்பது மலிவாகக் கிடைக்கும் கடினமான வால்வு ஸ்பிரிங்கில். தொழிற்சாலை ஸ்பிரிங் மென்மையானது என்பதால் ஆர்பிஎம் ஏறும்போது வால்வு முழுதாக மூடாமல் மிதக்கத் தொடங்கி, இன்ஜின் தானாகவே மூச்சடைத்து, அதற்கு மேல் வேகமெடுக்காது. ராடுக்கு அதுவே காவல். ராடை மாற்றாமல் அந்தக் காவலை எடுத்துவிடுவது விவேகமல்ல.

இரண்டாவது குறை ஆயில். இந்த இன்ஜினில் ஆயில் பம்ப் கிடையாது. ராடின் அடியில் இருக்கும் சிறு கரண்டி, கிராங்க்கேஸில் தேங்கியிருக்கும் ஏறத்தாழ 0.6 லிட்டர் எண்ணெயை வாரி இறைப்பதால்தான் உள்ளே எல்லாம் நனைகின்றன. நிலையாக நிற்கும் பம்ப்செட்டுக்கு இது தாராளமாகப் போதும். வளைவில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கும்போது, ஆயில் அளவு குறைந்துவிட்டதாகத் தவறாகப் புரிந்துகொள்ளும் சென்சார் தீப்பொறியைத் துண்டித்துவிடும். நீண்ட வளைவில் மட்டும் இன்ஜின் திக்கித் திணறி, நேர்ச்சாலைக்கு வந்ததும் சரியாகிவிடும். கார்புரேட்டரில் கோளாறு என்று நினைத்து பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஜெட்டைக் கழற்றிக் கொண்டிருப்பவர்கள், கிராங்க்கேஸிலிருந்து வரும் மஞ்சள் நிற ஒயரின் இணைப்பை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். அந்தச் சென்சார் செய்த வேலையை அதன் பிறகு மனிதர்தான் செய்ய வேண்டும் என்பதால், எண்ணெய் அளவைப் பந்தயத்துக்கு முன்பும் நீண்ட பிட் நிறுத்தங்களிலும் கையால் பார்ப்பது கட்டாயமாகிறது.

மூன்றாவது குறை ஜோடியாக இருப்பதிலேயே அடங்கியிருக்கிறது. ஹோண்டா ஜிஎக்ஸ் இன்ஜின்கள் எல்லாம் ஷாஃப்ட் பக்கத்திலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகவே சுற்றும். ஆக்சிலை முன்னோக்கிச் சுழற்ற வேண்டுமானால் இரண்டு ஷாஃப்ட்களும் கார்ட்டின் இடப்பக்கத்தையே நோக்க வேண்டும். அதனால் இடது இன்ஜினின் கிளட்ச் வெளிப்புறம் எளிதாகக் கைக்கு எட்டும். வலது இன்ஜினின் கிளட்ச் இருக்கைக்கும் இன்ஜினுக்கும் இடையே ஒளிந்திருக்கும். இருட்டில், சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் கையை விட்டு அதை மாற்றும் வேலைக்கு முன்கூட்டியே பயிற்சி எடுக்காத அணி பந்தயத்தின்போது அதைக் கற்றுக்கொள்ளும்.

இரண்டு இன்ஜின்களையும் ஒத்திசைய வைப்பது இதைவிட முக்கியம். பெடலை மிதிக்கும்போது இரண்டு த்ராட்டில் கேபிள்களும் ஒரே கணத்தில் இழுபட வேண்டும். ஒன்றில் மட்டும் ஒரு மி.மீ. தளர்வு இருந்தாலும் மற்றொன்று முந்திக்கொண்டு, வளைவிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு முறையும் முழுச்சுமையைத் தானே ஏற்கும். கிளட்ச் ஸ்பிரிங்கள் வெவ்வேறு ஆர்பிஎம்மில் பிடித்தாலும் விளைவு இதுதான். தாமதமாகப் பிடிக்கும் கிளட்ச் வழுக்கி வழுக்கிச் சூட்டில் நீலம் பாய்ந்துவிடும். பந்தயம் முடிந்து டிரம்களைக் கழற்றி ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒன்று நீலமாகவும் மற்றொன்று சாம்பல் நிறமாகவும் இருந்தால் அந்தக் கார்ட்டில் ஒத்திசைவு இல்லை. கெண்ட் பகுதியின் பக்மோர் பார்க் போல ஏற்ற இறக்கம் உள்ள தடங்களில் இந்தக் குறை இன்னும் விரைவாக வெளிவரும்.

பராமரிப்பைப் பொறுத்தவரை சொல்வதற்கு அதிகமில்லை. அதுவே இந்த இன்ஜினுக்கான பாராட்டு. குளிர்ந்த நிலையில் உள்வால்வு இடைவெளி 0.15 மி.மீ., வெளிவால்வு 0.20 மி.மீ., ஸ்பார்க் பிளக் பிபிஆர்6இஎஸ், ஒவ்வொரு பந்தயத்துக்குப் பின்னும் புதிய ஆயில். அதிர்வால் தளரும் சைலன்சர் நட்டுகளுக்கு மட்டும் பூட்டுக் கம்பி கட்டுவது நல்லது.

மாற்றுகளில் முதலில் வருவது அதே வரிசையின் பெரிய இன்ஜின்கள். 389 சிசி கொண்ட ஜிஎக்ஸ்390 ஒன்று மட்டுமே 11.7 ஹெச்பி தருகிறது. எடை 31 கிலோவுக்குச் சற்று மேல். அதாவது ஏறக்குறைய இரண்டு ஜிஎக்ஸ்160களின் எடையில் கூடுதல் சக்தி, அதோடு ஒத்திசைவுத் தொல்லையும் இல்லை. தாளில் இது வென்றுவிடும். ஆனால் அந்த எடை முழுவதும் ஒரே பக்கத்தில் விழுகிறது, 88 மி.மீ. பிஸ்டன் கனமானது என்பதால் ஆர்பிஎம் ஏற்றுவதற்கும் எல்லை கிட்டத்தில் இருக்கிறது. பழுதானால் அன்றைய பந்தயம் முடிந்தது. வாடகைக் கார்ட் நிலையங்களுக்கு ஜிஎக்ஸ்200, ஜிஎக்ஸ்270, ஜிஎக்ஸ்390 ஆகியவை பொருத்தமானவை, ஏனெனில் அங்கே பழுதான கார்ட்டை ஓரங்கட்டிவிட்டு வேறொன்றைக் கொடுத்துவிடலாம். எரிபொருளில், ஹோண்டாவின் கணக்குப்படி 3,600 ஆர்பிஎம்மில் ஜிஎக்ஸ்160 மணிக்கு 1.4 லிட்டரும் ஜிஎக்ஸ்390 மணிக்கு 3.5 லிட்டரும் குடிக்கின்றன, ஜோடிக்கு 2.8 லிட்டர் என்பதால் இங்கும் சிறியவையே முந்துகின்றன. பந்தய ஆர்பிஎம்மில் இரண்டு கணக்குகளும் உயரும் என்பதை மனதில் கொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனத்தின் எல்ஓ206, பந்தயத்துக்கென்றே தொழிற்சாலையில் முத்திரையிடப்பட்டு வரும் இன்ஜின். 204 சிசி, 6,100 ஆர்பிஎம்மில் தீப்பொறியைத் துண்டிக்கும் எல்லை, உள்ளே கைவைக்க முடியாத முத்திரை ஆகியவை சேர்ந்து, ஓட்டுநருக்கும் சேஸிக்கும் உரிய பங்கைக் கொடுக்கின்றன. ஒற்றை இன்ஜின் அனுமதிக்கப்பட்ட இரண்டு, மூன்று மணி நேரப் பந்தயம் என்றால், ஜிஎக்ஸ் இன்ஜினைப் பிரித்து ராடும் ஃப்ளைவீலும் மாற்றிக்கொண்டிருப்பதைவிட இதை வாங்குவதே நேர்மையான வழி என்று சொல்வேன். உங்கள் பகுதியில் அதற்கான உதிரி பாகம் கிடைக்குமா என்பதை மட்டும் முதலில் விசாரிக்க வேண்டும்.

ஆஸ்திரிய நிறுவனமான ரோட்டாக்ஸின் 125 மேக்ஸ், இத்தாலிய ஐயாமே நிறுவனத்தின் எக்ஸ்30 ஆகியவை வேறு உலகம். தண்ணீர்க் குளிரூட்டல், பட்டன் ஸ்டார்ட், 30 ஹெச்பி அளவிலான சக்தி எல்லாம் உண்டு. லெ மானில் நடக்கும் 24 மணி நேரக் கார்ட் பந்தயத்தில் ரோட்டாக்ஸ் ஓடியிருப்பதால், இரு ஸ்ட்ரோக் இன்ஜின் நெடுநேரம் தாங்காது என்று யாரும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. தாங்கும்; ஆனால் அதற்குத் துணையாக ஒரு தேர்ந்த மெக்கானிக் விழித்திருக்க வேண்டும். பிற்பகல் வெயிலில் சரியாக இருந்த ஜெட், நள்ளிரவுக் குளிரில் காற்று அடர்த்தியாகும்போது பெட்ரோல் போதாமல் செய்துவிடும். இரு ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலோடு கலந்து வரும் ஆயிலே மசகு என்பதால், பெட்ரோல் குறைந்தால் மசகும் குறைந்து பிஸ்டன் சிலிண்டரில் ஒட்டிக்கொள்ளும். வெப்பநிலை இறங்க இறங்க ஜெட்டை மாற்றத் தெரிந்தவர் இல்லாத அணி, எவ்வளவு பணம் இருந்தாலும் இந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

ஜிஎக்ஸ்160இன் சாயலில் சீனாவிலிருந்து வரும் பிரதி இன்ஜின்களைப் பற்றியும் கேட்கிறார்கள். வெளிப்புறத்தில் போல்ட் துளைகள்கூடப் பொருந்தும்; விலை மிகவும் குறைவு. பயிற்சிக்கு அவை தவறில்லை. ஆனால் ஜோடியாகப் பயன்படுத்தும்போது இரண்டும் ஒரே அளவு சக்தி தர வேண்டும் என்பதால், ஒரு இன்ஜினுக்கும் அடுத்ததற்கும் இடையே தரவேறுபாடு அதிகமாக இருக்கும் பிரதிகள் நேர்பாதிச் சுமையை ஏற்பதில்லை. பழைய ஹோண்டா ஜோடியை வாங்குவதே புதிய பிரதி ஜோடியைவிட மேல். பழையதை வாங்கும்போது விற்பவர் சொல்லும் மணிக்கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டு, இரண்டு பிளக்குகளையும் கழற்றி நிறத்தை ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டு சிலிண்டர்களிலும் அழுத்தக் கசிவுச் சோதனை செய்யச் சொல்லுங்கள், ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றி அலுமினியத் துகள் மின்னுகிறதா என்று வெயிலில் பிடித்துப் பாருங்கள். மின்னினால் ராட் தேயத் தொடங்கிவிட்டது என்று பொருள். விலையில் ஒரு பில்லெட் ராடுக்கான தொகையையும் அதைப் போடும் கூலியையும் கழித்துவிட்டுப் பேரம் பேசலாம்.